கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி: பெரிய வக்கீலா, பெரிய நீதிபதியா?

மழைக்குருவி (இழை தொடக்கம்):

2020 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் கமலா ஹாரிஸ் பேசும்போது "சித்தி" என்று சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? நம் பக்கம் ஒரே கொண்டாட்டம். அதே பேச்சில், தனக்கு முன்னால் போராடிய கறுப்பினப் பெண்கள் சிலரின் பெயர்களையும் வரிசையாகச் சொன்னார். அதை நம்மில் யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை. அந்த வரிசையில் ஒருவர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி. அமெரிக்க ஃபெடரல், அதாவது மத்திய அரசின், நீதிமன்றத்தில் நீதிபதியான முதல் கறுப்பினப் பெண்.

1921 செப்டம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பதாவது. அப்பாவும் அம்மாவும் கரீபியக் கடலில் உள்ள நெவிஸ் தீவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பாவுக்கு யேல் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களில் சமையல் வேலை. பதினைந்து வயதிலேயே கான்ஸ்டன்ஸ் வக்கீலாவது என்று முடிவு செய்துவிட்டார். முடி அலங்காரத் தொழில் கற்றுக்கொண்டால் போதும் என்பது அம்மாவின் எண்ணம். 1939இல் பள்ளி முடிந்தது, மேலே படிக்கக் காசில்லை.

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். ஊரில் கறுப்பின மக்களுக்காக டிக்ஸ்வெல் என்ற சமூகக் கூடம் கட்டியிருந்தார்கள். ஆட்கள் அவ்வளவாக வருவதில்லை. ஏன் என்று விசாரிக்க ஒரு கூட்டம் போட்டார்கள். இந்தப் பெண் எழுந்து, நிர்வாகத்தில் எங்கள் பேச்சுக்கு இடமே இல்லை, பிறகு எப்படி வருவோம் என்கிற மாதிரிப் பட்டென்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் கிளாரன்ஸ் பிளேக்ஸ்லீ என்ற வெள்ளைக்காரக் கட்டட ஒப்பந்தக்காரர் இருந்தார். அந்தக் கூடத்துக்குப் பணம் கொடுத்தவரே அவர்தான். கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் பெண்ணைக் கூப்பிட்டு, நீ படிக்கிற வரைக்கும் செலவு என்னுடையது என்றார். சொன்னபடி கொலம்பியா சட்டப் படிப்பு வரை கட்டினார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சட்ட மாணவியாக இருந்தபோதே, 1945 அக்டோபரில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி என்ற சங்கத்துக்காகத் தர்குட் மார்ஷல் நடத்திய சட்டப் பாதுகாப்பு நிதியத்தில் சேர்ந்தார். பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த பிரவுன் வழக்கின் முதல் மனுவை எழுதியவர் இவர். 1961இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார், அப்படி வாதாடிய முதல் கறுப்பினப் பெண். அங்கே மொத்தம் பத்து வழக்கு, ஒன்பதில் வெற்றி. 1964இல் நியூயார்க் மாநில செனட்டர், 1965இல் மன்ஹாட்டன் பகுதித் தலைவர், 1966இல் நீதிபதி. 2005இல் இறக்கும் வரை நீதிபதிதான்.

என் கேள்வி இதுதான். எங்கு பார்த்தாலும் "முன்னோடி நீதிபதி" என்றே எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அவருடைய பெரிய வேலையெல்லாம் 1966க்கு முன்பே முடிந்துவிட்டதாகப் படுகிறது. அந்த நாற்காலி கௌரவமான ஓரங்கட்டல். என்ன சொல்கிறீர்கள்?

ஊஞ்சல்:

ஒரு சந்தேகம். முதல் கறுப்பினப் பெண் நீதிபதி ஜேன் போலின் என்றுதானே படித்திருக்கிறேன்?

நடுப்பக்கம்:

இரண்டும் சரிதான் ஊஞ்சல். ஜேன் போலின் 1939 ஜூலை 22 அன்று நியூயார்க்கில் நீதிபதியானார். உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த இடத்துக்கு மேயர் லா கார்டியா வரச் சொன்னார், எதற்கென்று சொல்லவில்லை. போனால் அங்கேயே பதவிப் பிரமாணம். குடும்ப வழக்குகளைப் பார்க்கும் நீதிமன்றத்தில் 40 ஆண்டுகள் இருந்தார், ஓய்வு வயது வந்து வெளியே அனுப்பும் வரை. நன்னடத்தை அலுவலர்களை இனம் பார்த்து ஒதுக்கும் வழக்கத்தை நிறுத்தியது, அரசுப் பணம் வாங்கும் குழந்தைகள் காப்பகங்கள் இனம் பார்த்துப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஆக்கியது, இரண்டிலும் அவருக்குப் பங்கு உண்டு.

ஆனால் அது நகர நீதிமன்றம், மேயரே நியமிக்கலாம். மோட்லி போனது ஃபெடரல் நீதிமன்றம். ஜனாதிபதி பெயர் சொல்ல வேண்டும், செனட் ஒப்புக்கொள்ள வேண்டும், அதன் பிறகு ஆயுள் முழுக்கப் பதவி. அந்த வாசலில் நுழைந்த முதல் ஆள் இவர். போலினுக்குத் தனி இழையே போடலாம்.

தெற்குவாசல்:

ஓரங்கட்டலா இல்லையா என்பதற்கு அப்புறம் வருகிறேன். "பத்தில் ஒன்பது" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிச் சொல்லிவிட்டுப் போனால் அந்த வக்கீல் வேலை எப்படிப்பட்டது என்று ஒன்றும் விளங்காது.

1949இல் மிசிசிப்பியின் தலைநகர் ஜாக்சனில் ஒரு சம்பள வழக்கு. வெள்ளை ஆசிரியர்களுக்குக் கொடுப்பதையே எங்களுக்கும் கொடு என்று கிளாடிஸ் நோயல் பேட்ஸ் என்ற கறுப்பின ஆசிரியை கேட்டார். வழக்குப் போட்டதற்கே அவர் வேலை போனது. மோட்லியும் ராபர்ட் கார்ட்டரும் நியூயார்க்கிலிருந்து போனார்கள். அந்த நீதிமன்ற அறையில் நீதிபதி இருக்கைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஓர் ஓவியம். அதில் கறுப்பின மக்கள் பருத்தி எடுத்துக்கொண்டிருப்பார்கள். சம உரிமை வாதத்தை அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் வைக்க வேண்டும். கறுப்பினப் பெண் ஒருத்தி வக்கீலாக நிற்பதைப் பார்க்கவே கூட்டம் கூடியது. வழக்கு நிற்கவில்லை.

தெற்கே கீழ் நீதிமன்றங்களில் அவர் தோற்றது நிறைய. தோற்போம் என்று தெரிந்தேதான் போவார். சாட்சியை நிறுத்தி, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு, பதிவில் ஏற்றிவிட வேண்டும். மேல்முறையீட்டில் பேசப்போவது அந்தப் பதிவுதான்.

ஜேம்ஸ் மெரிடித் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். விமானப்படையிலிருந்து திரும்பியவர், 1961 ஜனவரியில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். அங்கே ஒரு விதி: பழைய மாணவர் ஐந்து பேரிடம் நற்சான்று வாங்கி வர வேண்டும். பழைய மாணவர் அத்தனை பேரும் வெள்ளையர். யார் கையெழுத்துப் போடுவார்? விதியில் இனம் என்ற பேச்சே கிடையாது, அதுதான் அதன் சாமர்த்தியம். மே மாதக் கடைசியில் வழக்குப் போட்டார்கள். சம்பள வழக்கைக் கேட்ட அதே ஜாக்சன் நீதிபதி சிட்னி மைஸ். வாய்தா மேல் வாய்தா. கடைசியில் இனப் பாகுபாடே நடக்கவில்லை என்று எழுதிவிட்டார்.

1962 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. உடனே அதே நீதிமன்றத்தின் இன்னொரு நீதிபதி, கேமரன், ஸ்டே கொடுத்தார். வழக்கைக் கேட்ட அமர்விலேயே அவர் இல்லை. அந்த ஸ்டேயை ரத்து செய்தால் இன்னொரு ஸ்டே. மொத்தம் நான்கு. செப்டம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஹ்யூகோ பிளாக் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தார். செப்டம்பர் 30 இரவு வளாகத்தில் கலவரம், பால் கிஹார்ட் என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர் உட்பட இரண்டு பேர் செத்தார்கள். மறுநாள் மெரிடித் பெயரைப் பதிந்துகொண்டார்கள்.

மெரிடித்தின் வக்கீலாக மோட்லி திரும்பத் திரும்ப மிசிசிப்பிக்குப் போனார். கார் ஓட்டியது பெரும்பாலும் மெட்கர் எவர்ஸ், மிசிசிப்பியில் என்ஏஏசிபியின் களப் பணியாளர். ஒருமுறை வழியில் மோட்லி மஞ்சள் தாளில் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தாராம். திரும்பிப் பார்க்காதே, அந்தத் தாளை நியூயார்க் டைம்ஸுக்குள் செருகிக்கொள், பின்னால் போலீஸ் வருகிறது என்றாராம் எவர்ஸ். 1963 ஜூன் 12 அன்று எவர்ஸை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு மோட்லி என்றால் "அந்த மோட்லி பொம்பளை". எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கு "திருமதி மோட்லி" என்று வாயில் வராது.

நடுப்பக்கம்:

அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமை விட்டுவிட்டீர்கள் தெற்குவாசல். 1963 மே மாதம், மார்ட்டின் லூதர் கிங்கின் ஊர்வலங்களில் கலந்துகொண்ட பள்ளிப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பள்ளி வாரியம் மொத்தமாக வெளியே தள்ளியது. வருடக் கடைசி, அந்த வருடப் படிப்பே போய்விடும். மோட்லி உள்ளூர் ஃபெடரல் நீதிபதியிடம் போனார், அவர் கையை விரித்தார். அன்று மாலையே அட்லாண்டாவில் மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைமை நீதிபதி எல்பர்ட் டட்டில் முன்னால் நின்று, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவு வாங்கிவிட்டார். காலையில் ஓர் ஊரில் தோல்வி, மாலையில் இன்னோர் ஊரில் வெற்றி. இப்படி ஓடிய ஆள் அப்புறம் 39 வருடம் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்தார். மழைக்குருவி கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

அரைப்படி:

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். இருபது வருடம் ஒரு தரப்புக்காக மட்டும் வாதாடியவரை, அதே மாதிரி வழக்குகள் வரும் நீதிமன்றத்தில் நீதிபதியாக உட்கார வைப்பது சரியா? அவர் நல்லவர், கெட்டிக்காரர், எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். எதிரே நிற்கும் கம்பெனிக்காரனுக்கு நம்பிக்கை வருமா?

கருப்புக்கோட்டு:

அரைப்படி, நீங்கள் கேட்ட கேள்வியை அவரிடம் நேரடியாகவே கேட்டார்கள்.

1975இல் டயான் பிளாங்க் என்ற பெண் வக்கீல், சல்லிவன் அண்ட் கிராம்வெல் என்ற பெரிய வால் ஸ்ட்ரீட் வக்கீல் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். வேலைக்கு எடுப்பதில் பெண் என்று பார்த்துப் பாகுபாடு செய்கிறார்கள் என்று. வழக்கு மோட்லியிடம் வந்தது. நீங்கள் பெண், பாகுபாட்டு வழக்குகளை நடத்தியவர், ஆகவே விலகிக்கொள்ளுங்கள் என்று நிறுவனத்தின் தரப்பில் கேட்டார்கள். மறுத்துவிட்டார். ஒரு நீதிபதியின் பாலோ இனமோ முந்தைய தொழிலோ விலகக் காரணம் என்றால், இந்த நீதிமன்றத்தில் ஒருவர்கூட இந்த வழக்கைக் கேட்க முடியாது, ஏனென்றால் இங்கே எல்லோரும் ஏதோ ஒரு பாலினம்தான், எல்லோரும் முன்னாள் வக்கீல்கள்தான், பலர் பேர்பெற்ற வக்கீல் நிறுவனங்களிலிருந்தே வந்தவர்கள். சாரம் இதுதான்.

அந்தக் கடைசி வரியில்தான் கத்தி இருக்கிறது. வெள்ளைக்கார ஆண், பெரிய நிறுவனத்திலிருந்து நேராக நீதிபதியானால் அவருக்குச் சார்பு கிடையாது, சமையல்காரர் மகளுக்கு மட்டும் உண்டு என்று அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அப்படி நினைத்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். அவர் அதை வெளியே இழுத்துப் போட்டார். இன்றைக்கும் விலகல் மனுவுக்குப் பதில் எழுதும் நீதிபதிகள் இந்த உத்தரவை மேற்கோள் காட்டுகிறார்கள். பிளாங்க் வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது.

இன்னொன்று. அவர் இருந்தது ஃபெடரல் நீதிமன்றங்களில் முதல் படியான மாவட்ட நீதிமன்றம். மாவட்ட நீதிபதி தனக்கு வேண்டிய வழக்கைப் பொறுக்கி எடுக்க முடியாது. ஒதுக்கீட்டில் எது வருகிறதோ அதுதான். பங்குச் சந்தை மோசடி, கப்பல் சரக்கு, காப்புரிமை, போதைப்பொருள். வக்கீலாக இருந்தவரோடு நீதிபதியை எடை போட்டால் கணக்கு எப்போதும் நீதிபதிக்குக் குறைவாகத்தான் வரும்.

அரைப்படி:

சரி, விலகல் விஷயத்தில் அவர் சொன்னது தர்க்கப்படி சரி. ஆனால் அவர் மேல் எனக்குத் தொழில்முறைக் கோபம் ஒன்று உண்டு. கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான்.

1991இல் கிங்கோஸ் என்ற ஜெராக்ஸ் கடைச் சங்கிலி மீது புத்தகப் பதிப்பகங்கள் போட்ட வழக்கில் தீர்ப்புச் சொன்னவர் இதே மோட்லிதான். பேராசிரியர்கள் கொடுத்த பட்டியல்படி பல புத்தகங்களிலிருந்து பக்கங்களை நகலெடுத்து, ஒன்றாகப் பைண்டிங் போட்டு மாணவர்களுக்கு விற்றார்கள். நாங்கள் தினமும் செய்வது. படிப்புக்குத்தானே என்ற வாதம் எடுபடவில்லை. படிப்பது மாணவன், நீ விற்பது லாபத்துக்கு என்று சொல்லி 5,10,000 டாலர் கட்ட வைத்தார். அடுத்தவர் காசில் படித்தவர் ஏழை மாணவன் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கக் கூடாதா?

இங்கே டெல்லியில் ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மேல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து வழக்குப் போட்டபோது 2016இல் உயர் நீதிமன்றம் கடைக்காரர் பக்கம் நின்றது. அடுத்த வருடம் பதிப்பகங்கள் வழக்கையே திரும்ப வாங்கிக்கொண்டன.

கருப்புக்கோட்டு:

இரண்டு நாட்டுச் சட்டமும் வேறு அரைப்படி. நம் சட்டத்தில் கற்பித்தலுக்கென்று தனி விலக்கு எழுதியே இருக்கிறது. அங்கே நான்கு அளவுகோலை வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும், அதில் வியாபார நோக்கம் முக்கியமான ஒன்று. ஆனாலும் உங்கள் கோபத்திலேயே உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது பாருங்கள். ஒரு தரப்புக்கே தீர்ப்பெழுதுவார் என்றீர்கள், இங்கே கம்பெனிக்காரன் பக்கம் எழுதியிருக்கிறார்.

ஊஞ்சல்:

பேஸ்பால் வழக்கை யாரும் சொல்லவில்லையே! எனக்கு அதுதான் பிடித்தது.

1977 உலகத் தொடர் போட்டி. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையின் நிருபர் மெலிசா லட்கே. ஆட்டம் முடிந்ததும் ஆண் நிருபர்கள் எல்லோரும் வீரர்களின் உடை மாற்றும் அறைக்குள் போய்ப் பேட்டி எடுப்பார்கள், சூடான செய்தி அங்கேதான். இவரை மட்டும் உள்ளே விடவில்லை. பேஸ்பால் ஆணையர் போவி கூனின் உத்தரவு. வழக்கு மோட்லியிடம் வந்தது. 1978 செப்டம்பரில் லட்கே பக்கம் தீர்ப்பு.

ஊரே சிரித்தது, பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கார்ட்டூன் மேல் கார்ட்டூன். தீர்ப்பைப் படித்தால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. வீரர்களின் மானம்தான் கவலை என்றால் திரை போடுங்கள், சின்னக் கதவு வையுங்கள், ஒரு பாலினத்தையே வெளியே நிறுத்த என்ன அவசியம்? இவ்வளவுதான் விஷயம்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. பேஸ்பால் தனியார் வியாபாரம். அரசியல் சட்ட உரிமை அரசுக்கு எதிராகத்தானே செல்லும்? கருப்புக்கோட்டு சார் சொல்லுங்களேன்.

கருப்புக்கோட்டு:

நல்ல கேள்வி. லட்கேயை உள்ளே விடாத யாங்கி ஸ்டேடியம் அன்றைக்கு நியூயார்க் மாநகராட்சியின் சொத்து, அணி அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. மாநகராட்சிக் கட்டடத்தில் நடக்கும் பாகுபாட்டில் மாநகராட்சிக்கும் கை இருக்கிறது, ஆகவே அது அரசின் செயல். இது அவருக்குப் புதிய வாதமே இல்லை. பொது இடத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பாகுபாடு செய்வது நாங்கள் இல்லை என்று கைகழுவும் தந்திரத்தைத் தெற்கே மாநகராட்சிகள் கறுப்பின மக்களிடம் செய்துகொண்டிருந்தன, அவரும் அவருடைய சகாக்களும் அதை நீதிமன்றங்களில் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கருவியையே எடுத்துப் பேஸ்பாலில் போட்டார்.

ஆகவே மழைக்குருவி, 1966க்கு முன், 1966க்குப் பின் என்று கோடு கிழிக்கவே முடியாது என்பேன்.

மழைக்குருவி:

தீர்ப்புகளைக் குறைத்துப் பேசவில்லை. நான் கேட்பது வேறு. அவருக்கு நியாயமாக வந்திருக்க வேண்டிய இடங்கள் எவை, கிடைத்தவை எவை?

1961இல் தர்குட் மார்ஷல் நீதிபதியாகப் போனபோது சட்டப் பாதுகாப்பு நிதியத்தின் தலைமை யாருக்கு என்ற கேள்வி வந்தது. மோட்லி 1945இலிருந்து அங்கே. மார்ஷல் கைகாட்டியது 1949இல் சேர்ந்த ஜாக் கிரீன்பெர்க்கை. கிரீன்பெர்க் திறமைசாலி, மறுக்கவில்லை. ஆனால் கறுப்பின மக்களின் சட்டப் போராட்ட அமைப்பில், மூத்தவரான கறுப்பினப் பெண்ணைத் தாண்டி, வெள்ளைக்கார ஆணுக்குத் தலைமை போயிற்று. எதிரியின் ஊரில் அவர் பட்டதெல்லாம் சரி, இது சொந்த வீட்டில்.

1966இலும் ஜனாதிபதி ஜான்சன் முதலில் யோசித்தது மேல்முறையீட்டு நீதிமன்றத்தை. எதிர்ப்புக் கிளம்பியதும் ஒரு படி இறக்கி மாவட்ட நீதிமன்றம். அதற்கும் ஜனவரி முதல் ஆகஸ்ட் 30 வரை இழுத்தடிப்பு. செனட் நீதிக்குழுவின் தலைவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட், மிசிசிப்பிக்காரர். மெரிடித் வழக்கில் எந்த மாநிலத்தைத் தோற்கடித்தாரோ அதே மாநிலத்து ஆளின் கையில் இவருடைய கோப்பு. கம்யூனிஸ்டுத் தொடர்பு என்று வேறு கிளப்பிவிட்டார். அதற்குப் பிறகு 39 வருடத்தில் ஒருமுறைகூட மேலே போகவில்லை. ஓரங்கட்டல் என்றது இதைத்தான்.

நடுப்பக்கம்:

1982இல் தலைமை நீதிபதியானாரே?

கருப்புக்கோட்டு:

அது பணிமூப்பில் வருவது நடுப்பக்கம், யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை. நாட்டின் மிகப் பெரிய மாவட்ட நீதிமன்றங்களில் ஒன்றுக்கு அவர் தலைமை தாங்கினார் என்பது உண்மை. ஆனால் மழைக்குருவி கேட்ட கேள்விக்கு அது பதில் ஆகாது. இந்த இடத்தில் நான் மழைக்குருவி பக்கம்.

தெற்குவாசல்:

நான் இல்லை. மேலே போனால்தான் பெரிய நீதிபதி என்பது கிளார்க் கணக்கு. மார்ட்டின் சோஸ்ட்ரே வழக்கைச் சொல்கிறேன், அப்புறம் சொல்லுங்கள்.

சோஸ்ட்ரே பஃபலோ நகரில் ஆப்பிரிக்க-ஆசியப் புத்தகக் கடை வைத்திருந்தவர். 1968இல் போதைப்பொருள் வழக்கில் நீண்ட தண்டனை. சாட்சி பிறகு பல்டி அடித்தார், 1975 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஆளுநர் தண்டனையைக் குறைத்தார், அது தனிக் கதை. சிறையில் அவரை 372 நாள் தனிமைக் கொட்டடியில் போட்டார்கள். வழக்கைத் தானே எழுதிப் போட்டார். அன்றைய பழக்கம் என்னவென்றால், சிறைக்குள் என்ன நடந்தாலும் அது வார்டன் பாடு, நீதிமன்றம் எட்டிப் பார்க்காது.

மோட்லி எட்டிப் பார்த்தார். 1970 மே மாதத் தீர்ப்பில், சட்ட விஷயத்தில் உதவி செய்ததற்கும் அரசியல் கருத்துக்கும்தான் இந்தத் தண்டனை கிடைத்தது, இந்தத் தனிமைச் சிறை கொடூரமானது என்றார். இனி இப்படித் தண்டிப்பதென்றால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடு, விசாரணை வை, பதில் சொல்ல விடு என்றார். நஷ்ட ஈடாக நாளொன்றுக்கு 25 டாலர் கணக்குப் போட்டு, தண்டத்தொகையும் சேர்த்து 13,020 டாலர் கொடுக்கச் சொன்னார். கைதிக்கு அரசாங்கம் காசு கொடுப்பதா என்று அப்போது பலருக்கும் அது விநோதமாகத்தான் இருந்திருக்கும்.

அரைப்படி:

அதை மேல்முறையீட்டில் உடைத்துவிட்டார்களே?

தெற்குவாசல்:

பாதியை உடைத்தார்கள். 1971இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தனிமைச் சிறை என்பதாலேயே அது கொடூரம் ஆகாது என்றது, அவர் போட்ட விரிவான நடைமுறை விதிகளையும் தண்டத்தொகையையும் எடுத்துவிட்டது. ஆனால் கருத்துக்காக ஒரு கைதியைத் தண்டிக்கக் கூடாது என்பதும் நஷ்ட ஈட்டின் பெரும்பகுதியும் நின்றது. அதே வருடம் செப்டம்பரில் அதே மாநிலத்தின் அட்டிகா சிறையில் கைதிகள் கிளர்ந்தெழுந்து, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கைதிகள் கேட்டவற்றில் பல, இவர் தீர்ப்பில் எழுதிய மாதிரி விஷயங்கள்தான்.

ஊஞ்சல்:

அப்படியானால் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அவர் போயிருந்தால், அந்த அமர்விலேயே எதிர்த்து எழுதியிருப்பார் என்பதுதானே மழைக்குருவியின் கட்சி?

மழைக்குருவி:

அதேதான்! நான்கு பாராவில் சொன்னதை ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள்.

நடுப்பக்கம்:

எல்லோரும் அந்த ஒன்பது வெற்றியைச் சொல்கிறீர்கள். தோற்ற அந்தப் பத்தாவது என்ன?

கருப்புக்கோட்டு:

ஸ்வெயின் வழக்கு, 1965. அலபாமா மாநிலம் டல்லடீகா கவுண்டியில் ராபர்ட் ஸ்வெயின் என்ற கறுப்பின இளைஞனுக்கு மரண தண்டனை. அந்தக் கவுண்டியில் ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில், உட்காரத் தகுதியுள்ள ஆண்களில் 26 சதவீதம் கறுப்பினத்தவர். 1950 வாக்கிலிருந்து ஒரு கறுப்பினத்தவர்கூட விசாரணை ஜூரியில் உட்கார்ந்ததே இல்லை. ஸ்வெயின் வழக்கில் பட்டியலில் கறுப்பினத்தவர் எட்டுப் பேர் இருந்தார்கள். இரண்டு பேருக்கு விலக்கு, மீதி ஆறு பேரையும் அரசு வக்கீல் காரணம் சொல்லாமலே நீக்கினார். காரணம் சொல்லாமல் நீக்கும் உரிமை இரண்டு தரப்புக்கும் உண்டு. அதை இனம் பார்த்துப் பயன்படுத்தக் கூடாது என்பது மோட்லியின் வாதம். ஒரே வழக்கை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, வழக்குக்கு வழக்கு இதையே செய்கிறார் என்று நிரூபி என்று உச்ச நீதிமன்றம் 6-3இல் தள்ளிவிட்டது. எந்த வக்கீலால் அத்தனை பழைய ஜூரிப் பட்டியல்களையும் தோண்டி எடுக்க முடியும்? கிட்டத்தட்ட முடியாத நிபந்தனை.

1986இல் பேட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஸ்வெயினின் அந்த நிபந்தனையை விட்டது. தன் வழக்கில் நடந்ததை மட்டும் காட்டினால் போதும், காரணம் சொல்ல வேண்டியது அரசு வக்கீல் என்றானது. இவர் 1965இல் கேட்டதற்கு வெகு பக்கத்தில். அப்போது அவர் அதே நியூயார்க் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி.

அரைப்படி:

அப்போ பத்துக்குப் பத்து என்று போட்டுக்கொள்ளலாமா?

கருப்புக்கோட்டு:

போட முடியாது. பேட்சனுக்கு அப்புறமும் அரசு வக்கீல்கள் கறுப்பின ஜூரியை நீக்கிவிட்டு, கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, வேலையில்லாதவர், அந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று ஏதாவது ஒரு காரணம் சொல்கிறார்கள், பல நீதிபதிகள் ஏற்றுக்கொள்கிறார்கள். மெரிடித்திடம் கேட்ட ஐந்து கையெழுத்து மாதிரிதான், இனம் என்ற சொல் வராது. 2019இல்கூட மிசிசிப்பியின் கர்டிஸ் ஃபிளவர்ஸ் வழக்கில் இதே பிரச்சினைக்காக உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஒரே ஆளை ஒரே அரசு வக்கீல் ஆறு முறை விசாரணைக்கு இழுத்த வழக்கு அது. வேண்டுமானால் அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், இங்கே போட்டால் மோட்லியை விட்டு விலகிவிடுவோம்.